நியோபியின் பிள்ளைகள்

(ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஞாயிறு மாலை, ஆலைத் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தாரும் கூடிய அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



முன்வரிசையில் யூனிஃபார்மோடு உட்கார்ந்திருக்கிற தம்பிகள் நைட் ஷிஃப்ட்டுக்குப் போக வேண்டியவர்கள் என்று சொன்னார்கள். பஸ் வந்தால் தயங்காமல் எழுந்து போங்கள். செருக்கைப் பற்றிப் பேச வந்தவன், பாதியில் நாலு பேர் எழுந்து போனதற்கு முகம் சுளித்தால் நன்றாக இருக்காது.

கிரேக்கப் புராணத்தை இந்த ஊரில் எதற்குப் பேச வேண்டும் என்று ஏற்பாட்டாளர்களிடம் ஒருவர் கேட்டாராம். நியாயமான கேள்விதான். ஒரகடம் போகிறவர்களுக்கு அதற்கான பதில் ரோட்டோரத்திலேயே இருக்கிறது. 2010இல் அங்கே உற்பத்தியைத் தொடங்கிய டயர் ஆலையின் பெயர் என்ன? அப்போலோ. உங்களில் சிலர் காலில் இருக்கிற ஷூ, அசலோ டூப்ளிகேட்டோ, அதன் பெயர் நைக்கி. அது அவர்களுடைய வெற்றித் தெய்வம். கிரேக்கத் தெய்வங்கள் எப்போதோ வந்து நம்மோடு குடியேறிவிட்டன. நாம்தான் விசாரிக்கவில்லை.

நம் பக்கத்தில் அப்போலோ என்றால் ஒன்று ஆஸ்பத்திரி, இன்னொன்று டயர். யோசித்துப் பார்த்தால் இரண்டுமே பொருத்தம். கிரேக்கர்களுக்கு அப்போலோ நோய் தீர்க்கிற தெய்வம். நோயை அனுப்புகிறவனும் அவன்தான், அதை மறந்துவிடக் கூடாது. பிற்காலத்தில் அவனைச் சூரியனோடு சேர்த்து எண்ணத் தொடங்கியதால் தேரும் சக்கரமும் வந்து ஒட்டிக்கொண்டன. அவன் கையில் எப்போதும் ஒரு வில் இருக்கும். அந்த வில்லிலிருந்து தொடங்குகிறேன்.

தீப்ஸ் என்ற நகரத்து ராணி நியோபி. ஒருநாள் ஊரில் லெட்டோவுக்குப் பூசை நடக்கிறது. லெட்டோ, அப்போலோவின் தாய். ஊர்ப் பெண்கள் தலையில் இலைமாலை சூடி, சாம்பிராணி போட்டுக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அங்கே பொன்னிழை ஓடிய உடையில் நியோபி வருகிறாள். கண்ணால் காணாத ஒருத்திக்கு இத்தனை உபசாரம் செய்கிறீர்களே, கண்ணெதிரே நிற்கிற எனக்கு என்ன குறைச்சல் என்று கேட்கிறாள். அவள் அப்பன் தாண்டலஸ், தேவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன். புருஷனோ நாட்டுக்கே ராஜா. லெட்டோவுக்கு இரண்டே பிள்ளைகள், இவளுக்கு ஏழு ஆண், ஏழு பெண். இதில் சில போனாலும் தன் கணக்கு இரண்டுக்கு இறங்கிவிடாது என்கிறாள்.

ரோமக் கவிஞன் ஓவிட் இந்தக் கடைசிப் பேச்சைத் தெரிந்தேதான் அவள் வாயில் வைத்திருக்கிறான் என்று நினைக்கிறேன். பெற்ற பிள்ளைகளை அவள் ஸ்டாக் எண்ணுகிற மாதிரி எண்ணுகிறாள். ஒன்றிரண்டு போனால் போகட்டும், பஃபர் இருக்கிறது.

பூசை பாதியில் நின்றுபோகிறது. லெட்டோ தன் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்கிறாள். ஊருக்கு வெளியே பொட்டலில் நியோபியின் மகன்கள் குதிரை பழக்கிக்கொண்டிருக்கிறார்கள். வானத்திலிருந்து அம்பு வருகிறது. மூத்தவன் கையில் பிடித்த கடிவாளத்தோடு சாய்கிறான். அடுத்தவன் அம்பறாத்தூணியின் சத்தத்தைக் கேட்டுவிட்டுக் குதிரையைத் தட்டுகிறான். கழுத்தில் வந்து தைக்கிறது. மல்யுத்தத்தில் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்திருந்த இருவரை ஒரே அம்பு சேர்த்துக் கோக்கிறது. ஏழு பேரும் போனார்கள். செய்தி கேட்ட தகப்பன் தன்னையே குத்திக்கொண்டு சாகிறான். அப்போதும் நியோபி வாயை மூடவில்லை. இத்தனை பேர் போன பிறகும் உன்னைவிட எனக்கு அதிகம் என்று சடலங்களுக்கு நடுவில் நின்று சொல்கிறாள். பிறகு மகள்கள் ஒவ்வொருத்தியாகச் சரிகிறார்கள். கடைசிக் குழந்தையைத் தன் உடலாலும் உடுப்பாலும் மூடிக்கொண்டு, இந்த ஒன்றையாவது விட்டுவிடு என்று கெஞ்சுகிறாள். கெஞ்சி முடிவதற்குள் அதுவும் போகிறது. அவள் உட்கார்ந்த இடத்திலேயே கல்லாகிறாள். கண்ணீர் மட்டும் நிற்கவில்லை. இன்றைய துருக்கியில் மனிசா என்ற ஊருக்கு மேலே ஒரு மலை இருக்கிறது. பெண் தலையைப் போன்ற அதன் பாறையைக் காட்டி, இதுதான் நியோபி என்கிறார்கள்.

ஓர் இடைச்செருகல். இதே கதையை ஓவிட்டுக்குப் பல நூறு ஆண்டுகள் முன்னால் ஹோமர் இலியட்டில் சொல்லியிருக்கிறான். அங்கே பிள்ளைகள் பன்னிரண்டு. மகனைப் பறிகொடுத்து எதிரியின் கூடாரத்துக்கு வந்து நிற்கிற கிழவன் பிரியமிடம், அந்த மகனைக் கொன்ற அக்கிலீஸே சொல்கிற கதை அது. ஆனால் அவன் எடுத்துக்கொள்கிற பொருள் வேறு. நியோபிகூட அழுது ஓய்ந்ததும் சாப்பிட்டாள், நீயும் ஒரு வாய் சாப்பிடு பெரியவரே என்கிறான். எனக்கு அந்த இடம்தான் மிகவும் பிடிக்கும். நீதிக்கதை என்று முத்திரை குத்தி அடுக்கி வைத்த கதைகளை இறக்கிப் பார்த்தால், உள்ளே இப்படி ஏதாவது கிடைக்கிறது.

நியோபி கதையைப் பள்ளிக்கூடத்தில் சொல்லும்போது, கர்வம் கூடாது என்று முடித்துவிடுகிறோம். கர்வப்பட்டது யார்? ஒருத்தி. அம்பு பட்டது யார் மேல்? பதினான்கு பேர் மேல். குதிரை பழக்கிக்கொண்டிருந்த பையன்கள் என்ன தப்பு செய்தார்கள்? அம்மா என்ன பேசினாள் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது.

ஒரு தடவை இதைக் கவனித்துவிட்டால், அப்புறம் எல்லாக் கதையிலும் இதுவே கண்ணில் படும். கசியோப்பியா என்ற ராணி தன் அழகு கடல் தேவதைகளின் அழகை விட உயர்ந்தது என்று சொன்னாள். கடல் பொங்கியது, ஒரு பூதமீன் வந்தது. பாறையில் சங்கிலி போட்டுக் கட்டப்பட்டது யார்? அவளா? அவள் மகள் ஆண்ட்ரோமெடா. பெர்சியஸ் பறந்து வந்து காப்பாற்றினான், நல்லவேளை. கார்த்திகை மாத இரவுகளில் நம் வடக்கு வானத்தில் ஆங்கில 'எம்' எழுத்து போல ஐந்து நட்சத்திரங்கள் தெரியும், அதுதான் கசியோப்பியா. ஒரகடம் ரோட்டு விளக்கு வெளிச்சத்தில் தேடாதீர்கள். ஏரிக்கரைப் பக்கம் போனால் தெரியலாம்.

அடுத்தது ஃபேத்தான், சூரியனின் மகன். நீ யாருக்குப் பிறந்தவனோ என்று தோழன் ஒருவன் கிண்டல் செய்ததற்காக, அப்பாவின் தேரை ஒரே ஒரு நாள் ஓட்டிக் காட்டுகிறேன் என்று அடம்பிடித்தான். அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். சத்தியம் செய்து கொடுத்துவிட்டதால் மீற முடியவில்லை. லைசென்ஸ் எடுக்காத பையன் கையில் நாற்பதடி டிரெய்லரைக் கொடுத்த கதை. குதிரைகள் முதல் ஐந்து நிமிஷத்திலேயே கண்டுபிடித்துவிட்டன, கடிவாளத்தில் கனமில்லை என்று. தேர் தாழ இறங்கியதும் காடு பற்றியது, ஊர்கள் சாம்பலாயின. லிபியா பாலைவனமானது அன்றுதான் என்கிறான் ஓவிட். நைல் நதி பயந்து ஓடித் தன் தலையை ஒளித்துக்கொண்டதாம். கடைசியில் ஜீயஸின் இடி ஃபேத்தானையும் வீழ்த்தியது, உண்மைதான். ஆனால் அதற்குள் கீழே எரிந்துபோனவர்களின் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்?

இந்த இடத்தில் உங்களில் சிலருக்கு ஒரு பெயர் ஞாபகம் வரும். 2006இல் இதே ஊரில் நோக்கியா ஆலை ஓடத் தொடங்கியது. 2014 நவம்பர் 1ஆம் தேதி நின்றுபோனது. நான் அதைச் செருக்கின் கதை என்று சொல்ல மாட்டேன். வரி வழக்கு இருந்தது, செல்போன் வியாபாரம் இன்னொரு கம்பெனிக்குக் கைமாறியது, சந்தை மாறியது. அத்தனையையும் கர்வம் என்ற ஒரு சொல்லில் அடைத்தால் அது சோம்பேறித்தனம். ஆனால் எங்கோ மேலே எடுத்த முடிவுகளின் சூடு எங்கே வந்து இறங்கியது என்பதை இந்த ஊர் ஹாஸ்டல்களில் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய பிள்ளைகள் அறிவார்கள். ஃபேத்தான் கதையில் அந்தப் பக்கத்தைத்தான் ஓவிட் நின்று நிதானமாக எழுதியிருக்கிறான்.

இப்போது ஒரு சொல்லைப் பார்க்க வேண்டும். கிரேக்கத்தில் 'ஹூப்ரிஸ்' என்பார்கள். நாம் இதைச் செருக்கு, இறுமாப்பு என்று மொழிபெயர்த்துக்கொள்கிறோம். மனத்துக்குள் இருக்கிற ஒரு வீக்கம் போல. ஏதென்ஸ் நகரத்தில் அதற்கு வேறு பொருள் இருந்தது. அங்கே ஹூப்ரிஸ் ஒரு குற்றம், வழக்குப் போடலாம். உன்னைப் பற்றி நீ என்ன நினைத்துக்கொள்கிறாய் என்பதற்காக யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாது. இன்னொருவரை நீ என்ன செய்தாய் என்பதுதான் வழக்கு. வேறு லாபம் எதுவும் இல்லாமல், இன்னொருவனைக் கேவலப்படுத்தி அதில் இன்பம் காண்பது ஹூப்ரிஸ் என்று அரிஸ்டாட்டில் விளக்குகிறார்.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் நடந்த ஒரு சம்பவம். டயனைசஸ் திருவிழா, அரங்கு நிறைய ஜனம். மெய்டியாஸ் என்ற பணக்காரன் எல்லார் முன்னிலையிலும் டெமாஸ்தனிஸின் முகத்தில் குத்திவிட்டான். டெமாஸ்தனிஸ் பெரிய பேச்சாளர், சும்மா விடுவாரா? அவர் இதற்காக எழுதிய உரை இன்றும் இருக்கிறது. அடி வலித்தது என்று அவர் புலம்பவில்லை. அடித்தவன் நின்ற நிலை, பார்த்த பார்வை, அந்தக் குரல் – இதையெல்லாம் பட்டவனால் இன்னொருவருக்கு எடுத்துச் சொல்லக்கூட முடியாது என்கிறார். இன்னொன்றும் சொல்கிறார். இந்தச் சட்டம் அடிமைகளுக்கும் பொருந்தும். ஓர் அடிமையை அவமதித்தால்கூட, ஏதென்ஸ் குடிமகன் எவனும் முன்வந்து வழக்குத் தொடுக்கலாம்.

அந்தப் பார்வை, அந்தக் குரல். லைனில் வேலை செய்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான் வேறு பக்கத்தில் நின்றவன் என்பதால் அந்தப் பக்கத்துக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பதினைந்து வருஷம் இருக்கும். இந்தப் பக்கத்திலேயே ஒரு பிரஸ் ஷாப்பில் லைன் இன்சார்ஜாக இருந்தேன். கார்களுக்குப் போகிற ஒரு சின்ன பிராக்கெட், அதில் இரண்டு துளை. காலையில் முதல் பீஸை நானே வெர்னியர் வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மத்தியானம், லைன் கடைசியில் பீஸ்களைப் பின்னில் அடுக்கிக்கொண்டிருந்த கான்ட்ராக்ட் பையன் ஒருவன் எழுந்து வந்தான். ஒடிசாக்காரன். தமிழ் வராது. கையுறையைக் கழற்றி, துளையின் ஓரத்தில் விரலை வைத்துத் தேய்த்துக் காட்டினான். பிசிறு இருந்தது. அப்புறம் காலையில் வந்த ஒரு பீஸை எடுத்து இதன் மேல் வைத்து, இரண்டையும் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தான். துளைக்குள் துளை பிறை மாதிரி மறைந்தது. "டீக் நஹி, சார்" என்றான்.

நான் பார்த்தேன். பார்த்தும், என் கையெழுத்து இருக்கிறதே என்றுதான் எனக்குத் தோன்றியது. பக்கத்தில் ஜூனியர் இன்ஜினியர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். "உன் வேலை அடுக்குறது. போய் அடுக்கு" என்றேன். தமிழில்தான் சொன்னேன், ஆனால் அவனுக்குப் புரிந்துவிட்டது. டெமாஸ்தனிஸ் சொன்ன அந்தக் குரல் எந்த மொழிக்காரனுக்கும் புரியும். அவன் கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டு போனான்.

டையில் லொகேட்டிங் பின் தேய்ந்திருந்தது. அன்றைக்கு ஓடிய லாட் முழுவதும் கஸ்டமரிடமிருந்து திரும்பி வந்தது. ஏன் நடந்தது என்று அறிக்கை தர வேண்டும், ஐந்து முறை 'ஏன்' கேட்டு எழுதுகிற அந்த ஷீட் உங்களுக்குத் தெரியும். நான்தான் நிரப்பினேன். ஏன் துளை தள்ளிப்போனது? பின் தேய்ந்தது. ஏன் கண்டுபிடிக்கவில்லை? பேக்கிங்கில் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? ஆள் கவனிக்கவில்லை. இப்படியே போய் ஐந்தாவது 'ஏன்' அவன் தலையில் முடிந்தது. ஆறாவதாக ஒரு 'ஏன்' கேட்டிருந்தால் அது என்னிடம் வந்திருக்கும். ஷீட்டில் ஐந்து கட்டம்தான் இருந்தது. ரிப்போர்ட் தெளிவாக இருக்கிறது என்று எனக்குப் பாராட்டுகூடக் கிடைத்தது. மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று கான்ட்ராக்டர் அவனிடம் சொல்லிவிட்டார்.

நியோபி கதையை அதற்கும் முன்பே படித்திருக்கிறேன். அப்போது ராணியின் கதை என்று நினைத்துத்தான் படித்தேன்.

சரி, எதிர்ப் பக்கத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால், உழைக்கிறவர்களைப் பார்த்து அடங்கி இருங்கள் என்று உபதேசம் செய்ய வந்தவனாகிவிடுவேன். அராக்னியின் கதை. அவள் ராணியில்லை, சாயக்காரன் மகள். அப்பா கம்பளி நூலுக்குச் செந்நீலச் சாயம் ஏற்றுகிறவர். அவள் தறியில் உட்கார்ந்தால் சுற்று வட்டாரமே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வருமாம், நெய்த துணியை மட்டுமல்ல, நெய்கிற கையையும். இந்தத் தொழிலை உனக்கு அத்தீனா தெய்வம்தான் கற்றுக்கொடுத்தாளா என்று கேட்டார்கள். இல்லை, வேண்டுமானால் அவள் வந்து என்னோடு போட்டி போடட்டும் என்றாள். அத்தீனா ஒரு கிழவி வேஷத்தில் வந்து மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். இவள் மறுத்தாள். இரண்டு தறி போட்டார்கள், பாவு ஏற்றினார்கள்.

அத்தீனா நெய்தது தெய்வங்கள் சிம்மாசனத்தில் வீற்றிருக்கிற காட்சி. நான்கு மூலையிலும், தெய்வத்தோடு மோதி அழிந்த மனிதர்களின் கதை, எச்சரிக்கையாக. கம்பெனி சுவரில் ஒட்டுகிற போஸ்டர் மாதிரி. அராக்னி நெய்தது அதே தெய்வங்கள் வேஷம் போட்டுப் பெண்களை ஏமாற்றிய கதைகளை. காளையாக வந்தது, அன்னமாக வந்தது, பொன்மழையாக வந்தது. நெய்து முடித்ததும் அத்தீனா குறை தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. ஓவிட் இதை ஒளிக்காமல் சொல்கிறான், ஒரு பழுதுகூட இல்லை. ஆகவே துணியைக் கிழித்தாள். கையிலிருந்த நாடாவால் அராக்னியின் நெற்றியில் மூன்று நான்கு முறை அடித்தாள். அவமானம் தாங்காமல் அந்தப் பெண் தூக்கில் தொங்கினாள். அப்புறம் இரக்கப்பட்டுச் சிலந்தியாக்கிவிட்டாளாம். இரக்கம்!

இந்தக் கதையை, கலைஞனுக்கு அடக்கம் வேண்டும் என்பதற்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். நான் அராக்னி கட்சி. இங்கிருந்து பஸ் ஏறினால் காஞ்சிபுரம், அங்கே பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் இன்னும் கேட்கிறது. கோர்வைச் சேலை நெய்கிற வீட்டில் நின்று பாருங்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒவ்வோர் ஊடைக்கும் கரை நூலும் உடல் நூலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். மூன்று நாடா ஓடும். மூன்றாவதைத் தள்ள இன்னோர் ஆள் உட்கார வேண்டும். அப்படி நெய்த ஒருவர், என் கை மாதிரி வராது என்று சொன்னால் அது செருக்கா? அது ஒரு தகவல். அவர் யாரையும் மிதிக்கவில்லை. மிதித்தது தேவிதான். ஏதென்ஸ் சட்டப்படி பார்த்தால் ஹூப்ரிஸ் வழக்கு அத்தீனா மேல்தான் போட வேண்டும், அதுவும் அவள் பெயரையே வைத்துக்கொண்ட ஊரில்!

தமிழில் 'பணி' என்றால் வேலை, 'பணிவு' என்றால் அடக்கம். இரண்டும் ஒரே வேரில் நிற்பது மேலே இருப்பவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. வேலை செய்கிறவன்தான் பணிய வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வள்ளுவர் அப்படி நினைக்கவில்லை. அடக்கமுடைமை அதிகாரத்தில் அவர் வசதி உள்ளவனைத்தான் தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிறார்.

நார்சிசஸைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வீட்டுக்குப் போன பிறகு யாராவது கேட்பீர்கள். தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்து மயங்கியவன். அவனுக்கு ஏற்ற ஊர் இதுதான். 2000ஆம் ஆண்டிலிருந்து சான்-கோபான் ஆலை இங்கே கண்ணாடி செய்கிறது. உருகிய வெள்ளீயத்தின் மேல் உருகிய கண்ணாடியை ஓட விட்டால், ஏரித் தண்ணீர் மாதிரி அதுவாகவே மட்டமாகிவிடும். அந்தக் கம்பெனி 1665இல் பிரான்சில் பதினான்காம் லூயிக்காகத் தொடங்கியது. தன்னைச் சூரியன் என்று சொல்லிக்கொண்ட ராஜா அவர், அப்போலோவின் தேரை அரண்மனை நீரூற்றில் சிலையாக வைத்தவர். வெர்சாய் அரண்மனையில் அவர் கட்டிய கூடத்தில் 357 கண்ணாடிகள். நார்சிசஸிடம் இருந்தது ஒரே ஒரு குளம்தான், பாவம். தண்ணீரில் தெரிவது தான்தான் என்று அவனுக்குத் தொடக்கத்தில் தெரியவே தெரியாது. அவனுக்காக ஏங்கிக் கரைந்து, எலும்பும் கல்லாகி, வெறும் குரலாக மிஞ்சிய எக்கோ என்ற பெண்ணை எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? மறுபடியும் விலை கொடுத்தது பக்கத்தில் இருந்தவள்.

தண்ணீர் என்றதும் நம் ஊர்க்காரர் ஒருவர் குளிக்கப் போன கதை ஞாபகம் வருகிறது. 1017இல் இதே ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவர் என்று மரபு சொல்லும் ராமானுஜர். வயதான காலத்தில் ஸ்ரீரங்கத்தில் காவிரிக்குக் குளிக்கப் போகும்போது முதலியாண்டான் கையைப் பிடித்துக்கொண்டு போவார். அவர் பிராமணச் சீடர், உறவினரும்கூட. குளித்து முடித்து ஈர உடம்போடு திரும்பும்போது உறங்காவில்லி தாசர் தோளில் கை போட்டுக்கொண்டு வருவார். உறங்காவில்லி உறையூர் மல்லர். குளித்துவிட்டு இவரைத் தொடலாமா என்று மடத்திலேயே முணுமுணுத்தார்கள். தண்ணீரில் போகாத அழுக்கு ஒன்று இருக்கிறது, பிறப்பால் வந்த கர்வம், அது இவர் தோளைத் தொட்டால்தான் போகிறது என்ற பொருளில் அவர் பதில் சொன்னாராம்.

இந்த உறங்காவில்லி சுவையான மனிதர். மனைவி பொன்னாச்சியின் கண்ணழகில் அப்படியொரு பித்து. வெயிலில் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்தபடி கூட்டத்தில் பின்னோக்கி நடந்தவர். ஊர் சிரித்தது. ராமானுஜர் சிரிக்கவில்லை. இதைவிட அழகான கண்ணைக் காட்டினால் வருவாயா என்று கேட்டு, அரங்கன் சன்னிதிக்கு அழைத்துப் போனார். என் கணக்கில் உறங்காவில்லி நார்சிசஸுக்கு நேர் எதிர். அவர் பார்த்துக்கொண்டிருந்தது இன்னொருவருடைய முகத்தை.

எல்லாருக்கும் தெரிந்த திருக்கோஷ்டியூர்க் கதைக்கு வருகிறேன். ஒரு மந்திரத்தின் ரகசியப் பொருளைக் கேட்க, ராமானுஜர் ஸ்ரீரங்கத்திலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் நடந்து, பதினெட்டு முறை போனார். உபன்யாசகர்கள் சொல்வது: உள்ளேயிருந்து குரு திருக்கோஷ்டியூர் நம்பி, யாரது என்று கேட்க, "நான் ராமானுஜன் வந்திருக்கிறேன்" என்றாராம். 'நான்' செத்த பிறகு வா என்று திருப்பி அனுப்பினாராம். கடைசி முறை "அடியேன்" என்றதும் கதவு திறந்தது. வெளியில் சொன்னால் நரகம் என்ற நிபந்தனையோடு பொருளைச் சொன்னார். மறுநாளே ராமானுஜர் ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டார். கோபுரத்தில் ஏறினாரா, கீழே நின்று சொன்னாரா என்பதை அறிஞர்கள் விவாதிக்கட்டும். குரு கோபித்தபோது சொன்ன பதில்தான் எனக்கு வேண்டும். நான் ஒருவன் நரகம் போனால் போகிறேன், இத்தனை பேர் கரையேறுவார்களே.

'அடியேன்' என்ற சொல்லில் பணிவு முடிந்துவிட்டது என்று பல பேர் நினைக்கிறார்கள். அது நுழைவுச்சீட்டு மாதிரி, யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். மேடையில் நானே பத்து முறை சொல்லுவேன். நியோபி பேசினாள், பிள்ளைகள் செத்தார்கள். ராமானுஜர் பேசினார், பில்லைத் தன் பெயரில் போட்டுக்கொண்டார். கிரேக்கத்திலும் அப்படி ஒருவன் உண்டு, பிராமிதியஸ். மனிதர்களுக்காக நெருப்பைத் திருடிவிட்டுப் பாறையில் கட்டுண்டு கிடந்தவன். ஆனால் அவனுக்கு மேலே இருப்பவன் மேல் தீராத கோபம். இவர் குருவின் காலைப் பிடித்துக்கொண்டே குருவின் கட்டளையை மீறினார். இது இன்னும் கஷ்டம்.

ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் இருக்கும் ராமானுஜர் திருவுருவத்தை 'தானுகந்த திருமேனி' என்பார்கள். அவர் வாழ்ந்த காலத்திலேயே செய்து, அவரே உகந்து தழுவிக்கொண்டது என்பது மரபு. சீடர்கள் ஆசைக்காகச் சம்மதித்திருப்பார். 2022இல் ஹைதராபாத் அருகே அவருக்கு 216 அடியில் சிலை வைத்திருக்கிறார்கள். அதற்கு அவரை யாரும் கேட்க முடியவில்லை.

ஊர்ப் பெயரைப் பற்றியும் ஒன்று. சிவன் ஆடும்போது பூதகணங்கள் சிரித்துவிட்டனவாம். சாபம் விழுந்தது. அவை இங்கே வந்து தவம் செய்ய, ஆதிசேஷன் ஒரு குளத்தை உண்டாக்கினார், அனந்தசரஸ். அதில் குளித்ததும் சாபம் போனது. பூதங்கள் கட்டிய ஊர் என்பதால் பூதபுரி. அதாவது, முதலாளி ஆடும்போது சிரித்து வேலையை இழந்தவர்கள் கட்டிய ஊர் இது. கிரேக்கத்தில் இப்படி ஒரு குளம் கிடையாது. அங்கே கல்லானால் கல்தான்.

பஸ் ஹாரன் கேட்கிறது, தம்பிகள் கிளம்புங்கள். ஒரு நிமிஷம்.

ஓவிட் நியோபியின் ஏழு மகன்களுக்கும் பெயர் கொடுத்திருக்கிறான். இஸ்மேனஸ், சிபிலஸ், ஃபீடிமஸ், தாண்டலஸ், அல்ஃபேனர், டமசிக்தோன், இலியோனியஸ். ஏழு மகள்களில் ஒருத்தியின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. பல வருஷம் கழித்து நான் அந்தப் பழைய கம்பெனிக்கு ஒரு வேலையாகப் போனபோது, அந்த ஒடிசாப் பையனின் பெயருக்காக ரிஜிஸ்டரைத் தேடச் சொன்னேன். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு கேட் பாஸ் நம்பர் மட்டும்தான் எழுதியிருந்தார்கள், அதுவும் தண்ணீர் பட்டு ஊறியிருந்தது. அவன் பெயர் எனக்குத் தெரியாது. அன்றைக்குக் கேட்கவும் இல்லை. வலது கைக் கட்டைவிரல் நகத்தில் கறுப்பாக ரத்தம் கட்டியிருந்தது, துளையைத் தேய்த்துக் காட்டியபோது பார்த்தேன்.